‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் சொல்லும் பெண் கருத்தடை அறுவையின் வரலாறும்: கொல்லிமலையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை அறுவையின் வரலாறு, பெரிய வெட்டிலிருந்து சிறிய துளைக்கு நகர்ந்த நுட்ப முன்னேற்றமாக மருத்துவ நூல்களில் எழுதப்பட்டுள்ளது. தமிழில் வெளிவரும் கட்டுரைகளும் பெரும்பாலும் அவ்வரிசையையே எடுத்தாள்கின்றன. ஆனால் தமிழ்நாட்டில் பெருவழக்காக நிலைத்திருப்பது 1930இல் அச்சேறிய பழைய முறையாகும். அது நிலைத்ததற்கான காரணத்தை, அரசு பெண்ணைச் சந்திக்கும் நேரத்திலும் அவ்வறுவைக்குத் தமிழில் வழங்கும் பெயரிலும் இக்கட்டுரை தேடுகிறது. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலை இங்குத் தரவுக்களமாக அன்றி, அவ்வரலாற்றை நின்று பார்ப்பதற்குரிய இடமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, மலையாளிப் பழங்குடியினர், கருக்குழாய் அறுவை, குடும்பக் கட்டுப்பாடு, கர்ப்பத்தடை, ஒப்புதல்

பாவையும் பெண்ணும்

கொல்லிமலை என்றதும் தமிழாய்வாளரின் நினைவில் முதலில் எழுவோர் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் ஆவர். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய தொகைநூல்களில் தலைவியின் அழகுக்கு உவமையாக வரும் அப்பாவை, தெய்வத்தால் ஆக்கப்பட்ட பெண்ணுரு; காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் அதன் வடிவைக் குலைப்பதில்லை. அதற்கு மூப்பு இல்லை, பேறும் இல்லை. பாவை குறித்து எழுதப்பட்ட கட்டுரைகளை அடுக்கினால் ஒரு சிறு அலமாரி நிறையும். அதே மலையில் பிள்ளை பெற்று, பிள்ளைப்பேற்றை நிறுத்திக்கொண்டு, மறுவாரம் மிளகுக் கொடிக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் திரும்பும் பெண்ணைப் பற்றித் தமிழ்த்துறைகள் எழுதியவை மிகக் குறைவு. இது சமூகவியலார் வேலை, மருத்துவர் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒரு சொல்லின் பொருள் மாற்றம் இவ்வரலாற்றின் நடுவே இருப்பதால், இது தமிழாய்வின் வேலையும் ஆகும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அப்பெண்ணை எழுதியவர்கள் முற்றிலும் இல்லாமல் இல்லை. 1883இல் வெளிவந்த லெ ஃபனுவின் சேலம் மாவட்டக் கையேடும், அதன் வழிநின்ற எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளும் கொல்லிமலை மலையாளிகளின் மண வழக்கங்களை வியப்போடு பதிவுசெய்தன. யார் யாரை மணந்தார், பிள்ளை யாருக்குரியது என்னும் வினாக்களே அப்பதிவுகளின் மையம். பெண்ணின் கருவுறுதிறன் அங்கு ஓர் இனவரைவியல் வேடிக்கை. 1913 முதல் மலைமேல் தங்கிப் பணியாற்றிய ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் மறைப்பணியாளர் இணையர், சிறிதளவு மருத்துவப் பயிற்சியையும் ஒரு மருந்துப்பெட்டியையும் கொண்டு நோயாளிகளைப் பார்த்தனர். ஜெஸ்ஸி 1929இல் மலையிலேயே கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அங்குப் பிறந்த அவர்களின் மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கும் அறுவையில் உலகப் பெயர் பெற்றார். கொல்லிமலை ஓர் அறுவை மருத்துவரை உலகுக்குத் தந்தது. அறுவை அம்மலைப் பெண்களிடம் வந்து சேர்ந்த வழி வேறு.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு எனப் பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கும் ஊராட்சிகள். மக்களில் மிகப் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். 1997 சனவரியில் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை இம்மலை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பதும் பின்னர் வரும் ஒரு செய்திக்காக நினைவிற் கொள்ளத்தக்கது.

மருத்துவ நூல் சொல்லும் வரிசை

மகப்பேற்று மருத்துவப் பாடநூல்கள் தரும் வரலாறு ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல் 1820களில், வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க நேரும்போது கருக்குழாய்களையும் துண்டித்துவிட்டால் அப்பெண் மீண்டும் அந்த ஆபத்துக்கு உள்ளாக வேண்டியதில்லை என்று கருத்துரைத்தார். அது கருத்தளவில் நின்றது. 1880இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டொலிடோ நகரில் சாமுவேல் லங்ரென், ஒரு பெண்ணுக்கு இரண்டாம் முறையாக வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தபோது, அவளுடைய இரு குழாய்களையும் பட்டு நூலால் கட்டினார். பதிவான முதல் கருக்குழாய்க் கட்டு இதுவே எனப்படுகிறது. இங்கு நோக்கம் தெளிவானது. மூன்றாவது பிள்ளைப்பேறு அப்பெண்ணைக் கொன்றுவிடும் என்று மருத்துவர் அஞ்சினார். எண்ணிக்கை, மக்கள்தொகை, குடும்பம் எதுவும் அந்தப் பட்டு நூலில் இல்லை.

வெறுங்கட்டு நம்பத்தக்கதாக இல்லை. நூல் குழாயை அறுத்துக்கொண்டு உள்ளிறங்க, குழாய் மீண்டும் தானே வழிதிறந்துகொள்வதுண்டு. ஆகவே அடுத்த அரை நூற்றாண்டில் குழாயை நசுக்கிக் கட்டுதல், வெட்டிக் கட்டுதல், வெட்டிய நுனியைக் கருப்பைச் சுவரினுள் புதைத்தல் எனப் பல வழிகள் தோன்றின. செருமானியரான மட்லேனர் 1919இலும், பாஸ்டன் நகரத்து இர்விங் 1924இலும் தத்தம் முறைகளை வெளியிட்டனர். நியூயார்க்கின் புரூக்ளினில் பணிபுரிந்த ரால்ஃப் பொமராய் கண்ட முறை, அவர் மறைந்தபின் அவருடன் பணியாற்றிய பிஷப், நெல்ம்ஸ் இருவரால் 1930இல் வெளியிடப்பட்டது. அது வியப்பூட்டும் அளவுக்கு எளியது. குழாயின் நடுப்பகுதியை ஒரு வளையமாக மேலே தூக்கி, அடியில் உடலில் கரையும் கேட்கட் நூலால் கட்டி, வளையத்தின் தலையை வெட்டிவிட வேண்டும். சில வாரங்களில் நூல் கரையும். வெட்டுண்ட இரு முனைகளும் மூடி, ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கட்டு நிலைத்தால் குழாய் திறந்துகொள்ளும், கட்டு கரைந்தால் குழாய் அடைபடும் என்னும் இந்த முரணே அம்முறையின் நுட்பம்.

இதன்பின் வரலாறு துளைகளை நோக்கி நகர்கிறது. பாரிசில் ரவுல் பால்மர், இங்கிலாந்தில் பாட்ரிக் ஸ்டெப்டோ ஆகியோர் 1960களில் லேப்ராஸ்கோப்பி வழியாகக் குழாயை மின்சூட்டால் பொசுக்கும் முறையைப் பரப்பினர். மின்சூடு குடலைத் தீண்டிய நேர்வுகள் அச்சத்தை விளைவிக்க, 1970களில் இன்பே யூன் கண்ட சிலிக்கோன் வளையமும் பிறர் கண்ட கவ்விகளும் வந்தன. அதே பத்தாண்டின் முற்பகுதியில், மரப்பு ஊசி மட்டும் போட்டுச் சிறு கீறல் வழியாகக் குழாயை எட்டும் மினிலேப் முறை தாய்லாந்தில் செம்மை பெற்றது. அறுவையே வேண்டாத முறைகளும் தேடப்பட்டன. கருப்பைக்குள் குயினக்ரின் மாத்திரையை வைத்துக் குழாயின் வாயைத் தழும்பேற்றி அடைக்கும் முறை சிலியில் தொடங்கி இந்தியாவுக்கும் கசிந்தது. மகளிர் அமைப்பினரும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் உச்ச நீதிமன்றம் சென்றபின் 1998இல் இங்குத் தடைசெய்யப்பட்டது. அமெரிக்காவில் 2002இல் ஏற்பு பெற்ற எஷ்யூர் என்னும் உலோகச் சுருள், பெண்களின் தொடர் முறையீடுகளுக்குப்பின் 2018இல் விற்பனையிலிருந்து விலகியது.

இவ்வரிசையில் பிழையான செய்தி ஏதுமில்லை. விடுபட்டவற்றையே கேட்க வேண்டும். பக் எதிர் பெல் வழக்கில் 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடைக்கு ஒப்புதல் தந்தபின், கேரி பக் என்னும் இளம்பெண்ணின் குழாய்கள் வெட்டப்பட்டன. மட்லேனர், இர்விங், பொமராய் பெயர்கள் வரும் அதே காலப்பகுதி இது. முறைகளின் வரலாறு எழுதும் நூல்கள் நூலின் தரத்தையும் கீறலின் நீளத்தையும் தோல்வி விழுக்காட்டையும் சொல்கின்றன; யாருடைய குழாய், யார் சொல்லி என்பவற்றை ‘அறவியல்’ என்னும் தனி இயலுக்கு அனுப்பிவிடுகின்றன. அவ்விரண்டையும் பிரித்தெழுதுவது ஒரு வசதி. தமிழில் இப்பொருளை எழுதுவோர் அவ்வசதியையும் சேர்த்தே மொழிபெயர்த்துக்கொண்டனர்.

வரிசையில் பொருந்தாத தமிழ்நாடு

துளையே முன்னேற்றம் எனில், மகப்பேற்று நலத்தில் முன்னணி மாநிலம் எனப்படும் தமிழ்நாட்டில் லேப்ராஸ்கோப்பியே பெருவழக்காக இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. இங்குக் கருத்தடை அறுவைகளுள் பெரும்பகுதி பிள்ளை பிறந்த ஓரிரு நாள்களில், மகப்பேற்று விடுதியிலேயே, தொப்புளுக்குக் கீழே சிறு கீறலிட்டு, பொமராய் முறையின் சற்றே திருந்திய வடிவில் செய்யப்படுகிறது. வயிறு கீறிப் பிள்ளை எடுக்கப்பட்டால் அப்போதே உடன்செய்யப்படுகிறது. வட மாநிலங்களில் முகாம்களும் லேப்ராஸ்கோப்பியும் ஓங்கியிருக்க, தமிழ்நாடு 1930ஆம் ஆண்டு முறையில் நிலைகொண்டது.

இதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. பிள்ளை பிறந்த உடனே கருப்பையின் தலைப்பகுதி தொப்புளளவு உயரத்தில் நிற்கும். குழாய்கள் வயிற்றுச் சுவரை ஒட்டியிருக்கும். விலை கூடிய கருவி ஏதும் இன்றி ஒரு விரல் நுழையும் கீறலில் அவற்றை எட்டலாம். வாரங்கள் செல்லக் கருப்பை இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். ஆகவே எளிய முறைக்குரிய வாயில் ஏழு நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதன்பின் வேறு கீறல், வேறு கருவி, வேறு நாள் வேண்டும்.

அந்த ‘வேறு நாள்’ கொல்லிமலையில் என்ன பொருள்படும் என்பதை எண்ணிப் பார்த்தால் வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது. ஒரு சிற்றூரிலிருந்து செம்மேட்டுக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் 70 வளைவுகளைக் கடந்து, அறுவைக்கூடமும் மயக்கவியல் மருத்துவரும் உள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்று தங்கித் திரும்புவதற்குள் சாமை அறுப்போ காபிப் பழம் பறிப்போ நின்றுபோகும். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, துணைக்கு யார் வருவது, தையல் பிரியாமல் அவ்வளைவுகளில் எப்படித் திரும்பி ஏறுவது என்பனவெல்லாம் அறுவை நூல்களில் இடம்பெறாத முரண்குறிகள். மகப்பேற்றுக்காக ஒருமுறை வந்த இடத்திலேயே அதையும் முடித்துக்கொள்ள அவள் எண்ணுவது இயல்பானது, அறிவுடையதும் ஆகும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் தமிழக அரசு ஏற்படுத்திய பிரசவக் காத்திருப்பு அறைகள், நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்க வழிசெய்து, வழியிலேயே பிள்ளை பெறும் இடரைக் குறைத்தன. இந்நன்மைகளைக் குறைத்து மதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான்காம், ஐந்தாம் பேற்றில் இறந்துபோன பெண்களின் கணக்கு இத்தராசின் மறுதட்டில் இருக்கிறது.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசுக்கும் அந்த நேரமே வசதியானது. பெண் தானே வந்து, படுக்கையில் இருக்கும் நேரம் அது. வீடு தேடிச் சென்று இணங்கவைக்க வேண்டியதில்லை. முகாம் கூட்ட வேண்டியதில்லை. பொமராய் முறை அதன் நுட்பத்தால் மட்டும் வெல்லவில்லை. பெண் மருத்துவமனையில் இருக்கும் நேரத்தோடு அது பொருந்தியது. வலியும் களைப்பும் தூக்கமின்மையும் சூழ்ந்த, பிறந்த பிள்ளை பிழைத்து வளருமா என்பது இன்னும் தெளிவாகாத அந்த நேரம், மீட்க முடியாத ஒரு முடிவை எடுப்பதற்கு ஏற்றதா என்பதை முறைகளின் வரலாறு ஒருபோதும் கேட்டதில்லை. கருவுற்ற மாதங்களிலேயே கிராம சுகாதார செவிலியர் பேசி வைப்பதால் முடிவு முன்பே எடுக்கப்பட்டது என விடை சொல்லப்படலாம். பல இடங்களில் அது உண்மையே. ஆனால் அச்செவிலியருக்கு நெடுங்காலம் இலக்கு இருந்தது. 1996இல் நடுவணரசு இலக்கு முறையைக் கைவிடும்வரை, ஒரு பெண் அவருடைய பதிவேட்டில் ‘கேஸ்’. அச்சொல் ஆணையோடு நீங்கிவிடவில்லை.

கர்ப்பத்தடையிலிருந்து குடும்பக் கட்டுப்பாட்டுக்கு

என் அம்மா ஆண்டுகளை நினைவுகூரும் முறை ஒன்று உண்டு: ‘தம்பி பிறந்து ஆபரேஷன் பண்ணின வருஷம்’. எந்த அறுவை என்று நாங்கள் கேட்டதில்லை. தமிழகத்து ஊர்களில் அடைமொழியின்றி ‘ஆபரேஷன்’ என்றால் அது ஒன்றையே குறித்த ஒரு தலைமுறை இருந்தது. சற்று விளக்கிச் சொல்ல நேர்ந்தால், ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டேன்’ என்பர். பெண்களிடம் கருத்தடை அறுவை மிகப் பரவலாக இருந்த போர்ட்டோ ரீக்கோ தீவிலும் அதற்கு ‘அறுவை’ என்பதே பெயர். அடைமொழி அங்கும் இல்லை. ஒரு கொள்கையின் பெயர் ஒரு வெட்டின் பெயராகச் சுருங்கியது எப்படி என்பது சொற்பொருள் வரலாற்றுக்குரிய வினா.

தமிழில் இப்பொருளைப் பற்றிய பொதுவிவாதம் அறுவையில் தொடங்கவில்லை. 1928இல் சென்னையில் நியோ-மால்தூசியக் கழகம் தோன்றியது. அதன் கவலை வறுமையும் மக்கள்தொகையும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘குடிஅரசு’ இதழில் எழுதி, பின்னர் 1942இல் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் சேர்ந்த ‘கர்ப்பத்தடை’ கட்டுரையில் பெரியார் இவர்களிடமிருந்து தம்மைக் கூர்மையாக விலக்கிக்கொள்கிறார். பெண்ணின் உடல்நலம், பிள்ளைகளின் வலிமை, நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து முதலிய காரணங்களுக்காகப் பிறர் கர்ப்பத்தடையை வேண்டுகின்றனர். தாம் அதனை வேண்டுவது பெண் விடுதலைக்காகவே என்பது அவர் வாதம். பாரதிதாசனும் ஏறத்தாழ அதே காலத்தில் அதைக் கவிதைப் பொருளாக்கினார். இவ்வெழுத்துகளில் ‘தடை’ என்பது பெண் தன் கையில் வைத்துக்கொள்ளும் கருவி. வேண்டும்போது போடவும் வேண்டாதபோது எடுக்கவும் கூடியது. அறுவை அவர்களின் கற்பனையின் மையமாக இல்லை.

விடுதலைக்குப்பின் சொல் மாறியது. அதனுடன் எழுவாயும் மாறியது. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர். ஏ. கோபாலசாமி தம் அறிக்கையில், மூன்று பிள்ளைகளுக்குப்பின் நிகழும் ஒவ்வொரு பேற்றையும் ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்னும் பொருள்படும் ஒரு தொடரால் வகைப்படுத்தினார். முன்யோசனையற்ற தந்தைமை என ஒரு பத்தி அட்டவணையில் இல்லை. அவர் பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராகிக் கருத்தடை அறுவையை முன்னெடுத்தார். 1950களின் பிற்பகுதியிலிருந்தே அறுவை செய்துகொள்வோருக்கும் அவர்களை அழைத்து வருவோருக்கும் தொகை தரும் வழக்கத்தைத் தொடங்கிய முன்னோடி மாநிலம் சென்னையே. இந்திய அரசின் திட்டம் 1952இல் தொடங்கியபோது அதன் தமிழ்ப் பெயர் ‘குடும்பக் கட்டுப்பாடு’. பெரியாரின் சொல்லில் தடுக்கப்படுவது கர்ப்பம், தடுப்பவள் பெண். அரசின் சொல்லில் கட்டுப்படுத்தப்படுவது குடும்பம். கட்டுப்படுத்துபவர் யார் என்பதற்கு இலக்கண இடமே இல்லை.

‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற சுவரெழுத்தில் ‘நாம்’ இருவர்தாம். கத்திக்குக் கீழே சென்றவர் யார் என்பது காலத்துக்கேற்ப மாறியது. ஆணுக்கான அறுவை எளியது. வயிற்றறையைத் திறக்க வேண்டாதது. எர்ணாகுளத்தில் 1971 சூலையில் ஒரே முகாமில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அது செய்யப்பட்டது. நெருக்கடிநிலைக் காலத்தின் 1976–77 நிதியாண்டில் நாடெங்கும் செய்யப்பட்ட ஏறத்தாழ 82 லட்சம் அறுவைகளில் 62 லட்சம் ஆண்களுக்கானவை. வற்புறுத்தல் ஆண்கள்மீது பாய்ந்தது, ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டில் மொத்த எண்ணிக்கையே 10 லட்சத்துக்குக் கீழிறங்கியது; அதில் ஆண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. துறையின் பெயர் ‘குடும்ப நலம்’ ஆனது. லேப்ராஸ்கோப்பி முகாம்கள் பெருகியதும் இதற்குப் பின்தான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) மணமான பெண்களுள் கருத்தடை அறுவை செய்துகொண்டோர் இந்திய அளவில் 37.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57.8 விழுக்காடு. ஆண்களுக்கான அறுவை இந்திய அளவில் 0.3 விழுக்காடு. ஆண் வாக்காளரின் சினத்திற்கு அஞ்சிய அரசியல் ஒரு நுட்பத்தைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்வது மிகையாகாது. முறைகளின் வரலாற்றில் இதற்கு ஒரு வரி வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலச் சொல்லை நேரே பெயர்த்தால் ‘மலடாக்கம்’ என்றாக வேண்டும். அரசு ஆவணங்கள் அதைத் தவிர்த்து ‘கருத்தடை அறுவை சிகிச்சை’ என்றன. காரணம் வெளிப்படை. மலடி என்னும் சொல் இம்மண்ணில் எத்தகைய காயம் என்பதற்கு, இன்று இதே மாவட்டத்திலுள்ள திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) போதிய சான்று. அச்சொல்லைத் தவிர்த்தது கருணைதான். ஆனால் ‘தடை’ என்ற சொல் நீக்கத்தக்க ஒன்றையும் நீக்க முடியாத ஒன்றையும் ஒரே பெயரால் வழங்கிவிடுகிறது. காப்பர்-டியும் கருத்தடை, குழாய் வெட்டும் கருத்தடை. ‘நிரந்தர’ என்ற அடைமொழி படிவத்தில் இருக்கிறது, பேச்சில் விழுந்துவிடுகிறது.

சான்றிதழாகும் உடல்

1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கொல்லிமலை அப்போது அம்மாவட்டத்தின் பகுதி. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், பெண் குழந்தைகள் மட்டுமே உள்ள வறிய குடும்பங்களுக்கு அக்குழந்தைகளின் பெயரில் வைப்புத்தொகை இட்டது. சிசுக்கொலையைத் தடுக்க எழுந்த நல்ல திட்டம் அது. ஆனால் அதன் விதிகளுள் ஒன்று, ஆண் குழந்தை இல்லாத நிலையில், பெற்றோரில் ஒருவர் குறிப்பிட்ட வயதுக்குள் கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும் என்பது. முதலில் 35 என்றிருந்த அவ்வயது வரம்பு பின்னர் 40 ஆக உயர்த்தப்பட்டது. ‘பெற்றோரில் ஒருவர்’ என்பது பொதுப்பால் தொடர். மேற்கண்ட விழுக்காடுகள் அதற்குப் பெண்பால் விகுதி சேர்க்கின்றன. மகளின் எதிர்கால வைப்புத்தொகை, தாயின் குழாய் மூடப்பட்டதற்கான சான்றிதழோடு இணைக்கப்படுகிறது. அறுவை இங்கு மருத்துவச் செயலாக மட்டும் இல்லை. வருவாய்ச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றுடன் இணைக்கப்படும் இன்னொரு தாள்.

பழங்குடிப் பெண் விஷயத்தில் அரசு இருவேறு முகம் காட்டியதுண்டு. மத்தியப் பிரதேச அரசு 1979இல் பைகா முதலிய பழங்குடியினருக்கு, அவர்தம் எண்ணிக்கை குறையும் என்ற அச்சத்தால், கருத்தடை அறுவையைக் கட்டுப்படுத்தி ஆணையிட்டது. பின்னர் சத்தீஸ்கரிலும் தொடர்ந்த அவ்வாணையை எதிர்த்துப் பைகாப் பெண்களே நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. அதே மாநிலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பரில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் லேப்ராஸ்கோப்பி அறுவை செய்யப்பட்டது. ஒரு குழு ஒரு நாளில் செய்யத்தக்கது 30 என்று விதி இருந்தது. அந்நாள்களில் அம்மாவட்ட முகாம்களில் அறுவைக்குள்ளான பெண்களுள் 13 பேர் இறந்தனர். இறந்தோருள் தடையாணைக்குட்பட்ட பைகாப் பெண்ணும் இருந்தார். அதே மாதம் ஒடிசாவின் அங்குல் மாவட்ட முகாமொன்றில் வயிற்றைக் காற்றால் உப்பச்செய்ய மிதிவண்டிக் காற்றடிப்பான் பயன்பட்டது வெளிவந்தது. முன்னேறிய முறை எனப் பாடநூல் கூறும் லேப்ராஸ்கோப்பியே இவ்விரு இடங்களிலும் கையாளப்பட்டது.

தடுத்த ஆணையும் திரட்டிய முகாமும் எதிரெதிர்போலத் தோன்றினும், இரண்டிலும் பெண்ணிடம் கேட்கும் இடம் வெற்றிடமாகவே உள்ளது. பெருவில் 1996 முதல் 2000 வரை அரசுத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 2,70,000 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் மலைவாழ் கெச்சுவா மொழியினர் மிகுதி. அமெரிக்கத் தொல்குடிகளுக்கான மருத்துவப் பணியகத்தின் நான்கு வட்டாரங்களில் மட்டும் 1973–76 காலத்தில் 3,406 அறுவைகள் நடந்ததை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 1976இல் வெளிப்படுத்தியது. கொல்லிமலையை இவற்றோடு நேர்நிறுத்துவது தவறு. இங்கு அத்தகைய வன்முறை நிகழ்ந்தது என்று இக்கட்டுரை கூறவில்லை. மலையாளிகள் சிறப்பு நலிவுற்ற பழங்குடிப் பட்டியலிலும் இல்லை. ஆகவே தடையும் இல்லை. வற்புறுத்தல் உரக்கக் கேட்காத இடத்தில் விருப்பம் எவ்வாறு உருவாகிறது என்பதே இங்குக் கேட்க வேண்டிய கடினமான வினா. 2019 ஏப்ரலில் இராசிபுரத்தில் வெளிப்பட்ட குழந்தை விற்பனை வழக்கின் விசாரணை கொல்லிமலைக்கு நீண்டு, மலையின் பிறப்புப் பதிவேடுகள் புரட்டப்பட்டபோது, மலைப்பெண்ணின் கருப்பை மீண்டும் ஊர்ப்பேச்சுக்குப் பொருளாயிற்று. லெ ஃபனுவின் கையேட்டில் இருந்த அதே பார்வைக்கோணம் நூற்றுமுப்பதாண்டுகளுக்குப்பின் கேமராவோடு மலையேறியது என எனக்குத் தோன்றியது.

படிவத்தின் தமிழ்

2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், முகாம் முறையை மூன்றாண்டுகளுக்குள் கைவிடவும், இலக்குகள் மறைமுகமாகவும் திணிக்கப்படாமல் பார்க்கவும், ஒப்புதல் படிவம் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விளக்கப்படவும் பணித்தது. அதற்கு முன்பே, 2000இல், அரியானாவின் சாந்த்ரா வழக்கில், அறுவை தோற்றுப் பிள்ளை பிறந்த ஏழைப் பெண்ணுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று அந்நீதிமன்றம் தீர்த்திருந்தது. இத்தீர்ப்புகளுக்குப்பின் படிவம் நீண்டது. அப்படிவம் தமிழில் எழுதப்பட்ட ஒரு பனுவல். அதையும் ஒரு பனுவலாக வாசிக்கத் தமிழ்த்துறைகளுக்குத் தகுதி உண்டு.

நடுவணரசின் நெறிமுறைப்படி, அறுவைக்குரிய பெண்ணின் வயது 22 முதல் 49 வரை. ஒரு வயதைக் கடந்த குழந்தை ஒன்றேனும் இருக்க வேண்டும். மயக்க மருந்தின் தாக்கத்தில் இருப்பவரிடம் ஒப்புதல் பெறலாகாது. கணவரின் ஒப்புதல் தேவையில்லை. கடைசி விதியை அறிந்த பெண்கள் எத்தனை பேர் என்பது வேறு செய்தி. ‘குடும்ப’ என்று தொடங்கும் பெயரையுடைய ஒரு செயலுக்குக் குடும்பத்தைக் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னால் எளிதில் நம்பப்படாது. பெயரே கணவரையும் மாமியாரையும் அறைக்குள் அழைத்து வந்துவிடுகிறது. பெரியாரின் ‘கர்ப்பத்தடை’ என்ற சொல் நிலைத்திருந்தால் அவ்விதி விளக்கம் வேண்டாமலே விளங்கியிருக்கும்.

படிவத்தின் இன்னொரு வரி, இவ்வறுவை நிரந்தரமானது என்றும், மீண்டும் குழந்தை வேண்டுமெனில் பெரிய அறுவை தேவைப்படும், அதன் வெற்றி உறுதியன்று என்றும் பொருள்படக் கூறுகிறது. பொமராய் முறையில் குழாயின் ஒரு சிறு பகுதி வெட்டி நீக்கப்படுவதால், எஞ்சிய முனைகளை உருப்பெருக்கியின்கீழ் மயிரிழை நூலால் மறுபடி இணைக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைக் காய்ச்சலுக்கோ விபத்துக்கோ இழந்த ஒரு மலைப்பெண்ணுக்கு அவ்வரி சட்டப்படி பொருந்தும். வெட்டும் அறுவையை ஆரம்ப சுகாதார நிலையம்வரை கொண்டுவர மாநிலத்துக்கு அரை நூற்றாண்டு போதுமானதாயிருந்தது. இணைக்கும் அறுவைக்கான உருப்பெருக்கி இன்றும் 70 வளைவுகளுக்குக் கீழே, மாவட்டத் தலைநகரையும் கடந்து, பெருநகர மருத்துவமனையில் இருக்கிறது.